துண்டாடுவதுதான் ஒழுங்கா?

இம்முறை இலக்கணமும் இல்லை, தேர்வுத்தாள் அலசலும் இல்லை. நெடுநாளாக மனத்தில் கிடக்கும் ஒரு சினத்தை இங்கே இறக்கி வைக்கப் போகிறேன். கணினி தொடர்பானது என்பதால் பெற்றோர்கள் விலகிவிட வேண்டாம். செய்தி நம் பிள்ளைகளின் ழகரத்தில்தான் தொடங்குகிறது.

எங்கள் பள்ளிக் கணினிக்கூடத்தில், முதலாம் ஆண்டு மாணவர்களுக்குச் சொற்களைப் படத்தோடு காட்டும் திறமூல மென்பொருள் ஒன்று உள்ளது. விலை கிடையாது, தமிழும் இருக்கிறது. யாரோ முகம் தெரியாத நல்லவர்கள் உழைத்துக் கொடுத்தது. ஆனால், அதில் வாழைப்பழத்தின் படத்திற்குக் கீழே ‘வாழைப்பலம்’ என்று கொட்டை எழுத்தில் நிற்கிறது. ஒரு மாணவன் அதனை அப்படியே ஏட்டில் எழுதி வந்தான். நான் சிவப்பு மையால் திருத்தியபோது, “கணினியில அப்படித்தான் ஐயா இருக்கு” என்றான். ஏழு வயதுப் பிள்ளைக்கு ஆசிரியரைவிடக் கணினி பெரிது.

என் முன்னாள் மாணவன் ஒருவன் இப்போது பாலிடெக்னிக்கில் கணினி பயில்கிறான். அவனிடம் இதைச் சொன்னேன். “திறமூலம்தானே ஐயா, நானே திருத்தி அனுப்பிடுறேன்” என்று மகிழ்ச்சியோடு சென்றான். இரண்டு வாரம் கழித்து வாடிய முகத்தோடு வந்தான். அந்த மென்பொருளின் மூலநிரல் நாற்பதுக்கும் மேற்பட்ட களஞ்சியங்களில் சிதறிக் கிடக்கிறதாம். படங்கள் ஒன்றில், சொற்பட்டியல் இன்னொன்றில், மொழிபெயர்ப்பு மூன்றாவதில், கைப்பேசிப் பதிப்பிற்கான சொற்பட்டியலின் படி நான்காவதில். முதலாவதற்குத் திருத்தம் அனுப்பினான். ‘இது இங்கே இல்லை’ என்று பதில் வந்தது. இரண்டாவதற்கு அனுப்பினான், ‘இந்தக் கோப்பு வேறொரு களஞ்சியத்திலிருந்து தானாக உருவாகிறது, இங்கே மாற்றாதீர்’ என்றார்கள். மூன்றாவதில் மூன்று ஆண்டுகளாக எந்த அசைவும் இல்லை. ஓர் எழுத்து! ஒரே ஓர் எழுத்தைத் திருத்த நான்கு கதவுகளைத் தட்டிவிட்டு, அந்தப் பையன் கையை உதறிக்கொண்டான்.

இதற்குச் சில நாள் கழித்து ஆசிரியர்களுக்கான பயிலரங்கு ஒன்றில் கலந்துகொண்டேன். உரையாற்றிய நிபுணர், “பெரிய மென்பொருள் திட்டம் என்றால் சிறு சிறு களஞ்சியங்களாகப் பிரித்து வைக்க வேண்டும். அதுதான் நவீன ஒழுங்கு” என்றார். நான் கைதூக்கி என் மாணவனின் கதையைச் சொன்னேன். “அது மாணவரின் அனுபவக் குறைவு ஆசிரியரே” என்று சிரித்துவிட்டுத் தேநீர் இடைவேளையை அறிவித்துவிட்டார். அங்கே சொல்ல முடியாமல் போன மறுமொழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மூலநிரல் களஞ்சியம் என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது வெறும் கோப்புறை அன்று. எந்த வரியை யார், எந்த நாளில், என்ன காரணத்திற்காக மாற்றினார் என்ற வரலாறு முழுவதையும் சேர்த்து வைத்திருக்கும் ஏடு. கட்டுரை ஏட்டில் மாணவனின் எழுத்து, நம் திருத்தம், அவன் செய்த மறுதிருத்தம், மூன்றும் தேதியோடு நிற்கின்றன அல்லவா? அதுபோல. ஒரு திட்டம் எத்தனை களஞ்சியங்களாக இருக்கிறது என்பது, ஒரு மாணவனின் கட்டுரையை எத்தனை ஏடுகளில் பிரித்து எழுத வைக்கிறோம் என்பதைப் போன்றது. முன்னுரை ஓர் ஏட்டில், முடிவுரை இன்னோர் ஏட்டில் என்று எந்த ஆசிரியராவது கேட்பாரா?

நிபுணர் ஐயா அறிய வேண்டிய கதை லிப்ரே ஆபிஸின் கதை. நம்மில் பலர் தேர்வுத்தாள் தட்டச்சு செய்யப் பயன்படுத்தும் அதே மென்பொருள். அதன் வேர் செருமனியில் இருக்கிறது. ஸ்டார் டிவிஷன் என்ற செருமானிய நிறுவனம் எழுதிய ஸ்டார் ஆபிஸை 1999இல் சன் நிறுவனம் வாங்கியது. 2000இல் அதன் மூலநிரலை ஓபன் ஆபிஸ் என்ற பெயரில் உலகிற்குத் திறந்துவிட்டது. 2010 செப்டம்பரில் தன்னார்வலர்கள் அதிலிருந்து பிரிந்து, லிப்ரே ஆபிஸைத் தொடங்கினார்கள். பல இலட்சக்கணக்கான வரிகள் கொண்ட அந்த நிரலை அவர்கள் தொடக்கத்தில் எப்படி வைத்திருந்தார்கள் தெரியுமா? ஏறக்குறைய இருபது களஞ்சியங்களில்! சொற்செயலியான ரைட்டருக்கு ஒன்று, விரிதாளான கால்க்கிற்கு ஒன்று, இம்பிரஸுக்கு ஒன்று, திரையில் தெரியும் பொத்தான்களுக்கும் சாளரங்களுக்கும் ஒன்று, படங்களுக்கு ஒன்று, இப்படி. பெயர்ப்பலகைகளைப் பார்த்தால் அழகான ஒழுங்கு. நிபுணர் பார்த்திருந்தால் கைதட்டியிருப்பார்.

உள்ளே வேலை செய்தவர்களுக்குத்தான் வேதனை. பொத்தான்களின் களஞ்சியத்தில் ஒரு செயற்கூற்றின் பெயரை மாற்றினால், அதனை அழைக்கும் ரைட்டர், கால்க், இம்பிரஸ் அனைத்திலும் மாற்ற வேண்டும். ஒரு சிந்தனை, நான்கு களஞ்சியங்களில் நான்கு தனித்தனி மாற்றப் பதிவுகள். அந்த நான்கும் ஒன்றைச் சார்ந்து ஒன்று என்பதை எந்த ஏடும் சொல்லாது. ஒருவர் ரைட்டரின் புதிய நிலையையும் பொத்தான்களின் பழைய நிலையையும் எடுத்துத் தொகுத்தால், மென்பொருள் உருவாகாமல் பாதியில் நின்றுவிடும். இருபதையும் ஒரே நேரத்தில் புதுப்பிப்பதற்கென்றே ‘ஜி’ என்ற ஓரெழுத்துப் பெயரில் ஒரு சிறு நிரலை எழுதி வைத்திருந்தார்கள். பிரித்து வைத்துவிட்டு, பிரித்ததை ஒட்ட வைக்க ஒரு நிரல்! இதற்குப் பெயர் ஒழுங்கா?

இன்னொரு இழப்பும் உண்டு; கணித ஆசிரியர்களுக்கு இது பிடிக்கும். ஒரு மென்பொருளில் நேற்று இல்லாத வழு இன்று முளைத்தால், எந்த மாற்றம் அதனைக் கொண்டுவந்தது என்று தேட வேண்டும். ஆயிரம் மாற்றங்கள் நடந்திருந்தால் ஆயிரத்தையும் சோதிக்கத் தேவையில்லை. நடுவில் உள்ளதை எடுத்துச் சோதி. வழு இருந்தால் முற்பாதியில் தேடு, இல்லையேல் பிற்பாதியில் தேடு. இப்படிப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போனால் பத்துச் சோதனைகளில் குற்றவாளி அகப்பட்டுவிடும். கிட் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவியில் இதற்கென்றே கட்டளை இருக்கிறது. ஆனால் வரலாறு ஒரே ஏட்டில் இருந்தால்தான் பாதி என்பதற்குப் பொருள் உண்டு. இருபது ஏடுகளில் இருபது வரலாறு இருந்தால், எதனுடைய பாதி? ரைட்டரின் ஐந்நூறாவது மாற்றத்தோடு பொத்தான்களின் எத்தனையாவது மாற்றம் பொருந்தும்? தேடல் அங்கேயே குலைந்துவிடுகிறது.

ஆகவே அவர்கள் என்ன செய்தார்கள்? பட்டுத் தெரிந்த பின், அந்தக் களஞ்சியங்களில் பெரும்பாலானவற்றை வரலாற்றோடு சேர்த்து ஒரே களஞ்சியமாக இணைத்தார்கள். 2012 பிப்ரவரியில் வந்த 3.5ஆம் பதிப்பு அந்த ஒரே களஞ்சியத்திலிருந்து பிறந்தது. மொழிபெயர்ப்பு, உதவிக் குறிப்புகள், சொல்திருத்தி அகராதிகள் ஆகியவை மட்டும் தனியே நின்றன. அவற்றையும் அநாதையாக விட்டுவிடவில்லை. முதன்மைக் களஞ்சியத்தின் ஒவ்வொரு நிலையும், ‘எனக்குப் பொருந்தும் மொழிபெயர்ப்பு இந்த நிலையில் உள்ளது’ என்ற குறிப்பைத் தாங்கியிருக்கும்படி முடிச்சிட்டு வைத்தார்கள்.

மொழி ஆசிரியன் என்பதால் ஒன்றைச் சொல்லாமல் நகர முடியவில்லை. ஸ்டார் ஆபிஸ் செருமானியர் எழுதியது என்றேன் அல்லவா? நிரலின் இடையிடையே அவர்கள் எழுதி வைத்த விளக்கக் குறிப்புகள் செருமன் மொழியில் இருந்தன. மற்ற நாட்டினர்க்கு அவை புரியவில்லை. எனவே, அவற்றை ஆங்கிலத்தில் பெயர்க்கும் பணியைப் புதியவர்களுக்கான எளிய பணியாக அறிவித்தார்கள். செருமன் குறிப்புகள் எங்கெங்கே எஞ்சியிருக்கின்றன என்று தேடிக் கொடுக்கும் ஒரு சிறு நிரலையும் களஞ்சியத்துக்குள்ளேயே வைத்தார்கள். நிரல் எழுதத் தெரியாத, ஆனால் இரு மொழி தெரிந்த ஒருவருக்கும் அங்கே ஒரு நாற்காலி போடப்பட்டது. ஆண்டுக்கணக்கில் பலர் வந்து, ஆளுக்குச் சில குறிப்புகளாக அந்த வேலையைச் செய்தார்கள். என் மாணவனுக்கு மறுக்கப்பட்டது இந்த நாற்காலிதான்.

‘சரி, இது அலுவலக மென்பொருள். உண்மையிலேயே மாபெரும் திட்டத்திற்கு இது பொருந்துமா?’ என்று கேட்கலாம். லினக்ஸ் கருவகத்தைப் பாருங்கள். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் தொடங்கியது. இன்று ஆண்டிராய்டு கைப்பேசிகள் அனைத்தின் அடியிலும் அதுதான் இருக்கிறது. மூன்று கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. ஆயிரக்கணக்கானோர் எழுதுகிறார்கள். அத்தனையும் ஒரே மரம்! ஒலிபெருக்கி, வலையட்டை என்று ஆயிரக்கணக்கான கருவிகளை இயக்கும் நிரல்களும் அந்த ஒரே மரத்தின் கிளைகளில்தான் இருக்கின்றன.

ஏன் அப்படி? அங்கே ஓர் எழுதப்பட்ட நெறி உண்டு. உள்ளே இருக்கும் ஒரு செயற்கூற்றை நீ மாற்றினால், அதனைப் பயன்படுத்தும் எல்லா இடங்களையும் நீயே திருத்த வேண்டும். மாற்றியவன் பொறுப்பு, பாதிக்கப்பட்டவன் பொறுப்பன்று. எல்லாம் ஒரே மரத்தில் இருப்பதால்தான் இந்த நெறி நடைமுறைக்கு வருகிறது. எங்கெங்கே அந்தச் செயற்கூறு அழைக்கப்படுகிறது என்று ஒரே தேடலில் தெரிந்துவிடும். அனைத்தையும் ஒரே மூச்சில் திருத்திவிடலாம். மரத்திற்கு வெளியே தனிக் களஞ்சியத்தில் தன் நிரலை வைத்திருப்பவர்தான், ஒவ்வொரு புதிய பதிப்பிற்கும் பின்னால் ஓடி ஓடி ஒட்டுப்போட வேண்டியிருக்கிறது.

பிரிப்போர் கட்சியின் வலுவான வாதம் ஒன்று உண்டு; அதனை மறைத்துவிட்டுப் பேசுவது அழகன்று. எல்லாம் ஒரே வீட்டில் இருந்தால் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கெடுத்துவிட மாட்டார்களா? தனித்தனிப் பூட்டு வேண்டாமா? நியாயமான அச்சம்தான். ஆனால், லினக்ஸ் இதற்கு விடை கண்டுவிட்டது. 2002 முதல் அவர்கள் பிட்கீப்பர் என்ற தனியுடைமைக் கருவியைப் பயன்படுத்தினார்கள். 2005இல் அதன் இலவச உரிமம் நின்றுபோனது. டோர்வால்ட்ஸ் ஏப்ரல் மாதத்தில் சில நாள்களுக்குள்ளாகவே கிட்டின் முதல் வடிவத்தை எழுதினார். அதன் அடிப்படை என்னவென்றால், ஒவ்வொருவரிடமும் மரம் முழுவதன் சொந்தப் படி ஒன்று இருக்கும். வலையமைப்பைப் பார்த்துக்கொள்பவர் தம் படியில் வேலை செய்வார். கோப்பு முறைமையைப் பார்த்துக்கொள்பவர் தம் படியில் வேலை செய்வார். ஏறத்தாழ ஒன்பது பத்து வாரங்களுக்கு ஒருமுறை, இரண்டு வாரங்கள் வாயில் திறக்கும். அப்போது ஒவ்வொரு துறைப் பொறுப்பாளரும் ‘என் படியிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று விண்ணப்பிப்பார். டோர்வால்ட்ஸ் பார்த்து இழுத்துக்கொள்வார். அதன்பின் பல வாரங்கள் வழு நீக்கம் மட்டுமே. 2008 முதல் எல்லாத் துறையினரின் படிகளையும் நாள்தோறும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும் ஒத்திகையும் நடக்கிறது.

பூட்டு எங்கே இருக்கிறது, கவனித்தீர்களா? கோப்புறையைத் துண்டாடியதில் இல்லை. யாரிடமிருந்து யார் எடுத்துக்கொள்கிறார் என்ற பொறுப்பில் இருக்கிறது. எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு என்பதற்கு மரத்தின் உச்சியிலேயே ‘மெயின்டெய்னர்ஸ்’ என்ற எளிய உரைக்கோப்பு ஒன்று வைத்திருக்கிறார்கள். பகுதியின் பெயர், பொறுப்பாளர், கடிதம் அனுப்ப வேண்டிய முகவரி, அவர் பொறுப்பில் உள்ள கோப்புகள், பராமரிப்பு நிலை என எல்லாம் அதில் உண்டு. பொறுப்பாளர் இல்லாத பகுதிக்கு ‘அநாதை’ என்றே வெளிப்படையாக எழுதிவிடுவார்கள். (நம் பள்ளிப் பணிப்பட்டியலில் இப்படி எழுதத் துணிவோமா!) அதோடு, நீங்கள் செய்த திருத்தத்தைக் கொடுத்தால், ‘இதனை இன்னாருக்கு அனுப்பு’ என்று அந்தக் கோப்பைப் படித்துச் சொல்லும் சிறு நிரலும் கூடவே இருக்கிறது. மூன்று கோடி வரிகள் கொண்ட திட்டத்தில், புதிதாக வந்தவனுக்கு வழிகாட்ட இவ்வளவு. நாற்பது சிறு களஞ்சியங்கள் கொண்ட திட்டத்தில், என் மாணவனுக்கு ‘இது இங்கே இல்லை’ என்ற மூன்று சொற்கள்.

‘ஒரே மரம் என்றால் பதிவிறக்கப் பளு அதிகம், உங்கள் பள்ளி இணையத்திற்குத் தாங்காது’ என்றும் பயிலரங்கில் ஒருவர் சொன்னார். முழு வரலாற்றையும் இறக்கினால் பளு அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால், அண்மைய நிலையை மட்டும் இறக்கவும், வேண்டிய கிளையை மட்டும் விரித்துப் பார்க்கவும் கிட்டிலேயே வழி இருக்கிறது. கருவியைக் கற்காமல் வீட்டை இடிப்பது என்ன நியாயம்?

அதற்காக எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூட்டையில் கட்டச் சொல்கிறேனா? இல்லை. லினக்ஸ் கணினிகளில் திரையை இயக்கிய எக்ஸ் சாளர முறைமை நெடுங்காலம் ஒரே பெருமரமாக இருந்தது. ஓர் அட்டைக்கான சிறு திருத்தம்கூட முழு மரமும் வெளியாகும் நாளுக்குக் காத்துக் கிடந்தது. 2005 டிசம்பரில் அதே நிரலை இரண்டு வடிவில் வெளியிட்டார்கள். ஒன்று பழைய பெருமரம்; மற்றொன்று நூற்றுக்கு மேற்பட்ட துண்டுகள். அதன்பின் துண்டுகளின் வழியே சென்றார்கள். ஓட்டிகளுக்கு அது விடுதலையாக இருந்தது. ஆனால், பிரித்த வேகத்தில், எப்போதும் ஒன்றாகவே மாறும் நெறிமுறைக் கோப்புகளையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டார்கள். அவற்றை 2018இல் மீண்டும் ஒரே களஞ்சியமாகச் சேர்க்க வேண்டி வந்தது. சேர்ந்து மாறுபவை சேர்ந்து இருக்க வேண்டும். தனித்து வெளியாக வேண்டியவை தனித்து இருக்கலாம். நிபுணரின் ‘நவீன ஒழுங்கில்’ இந்தக் கேள்வியே எழுவதில்லை. ‘பெரியது, ஆகவே பிரி’ என்ற ஒரே வாய்பாடுதான்.

கேடிஈ என்ற திரைச்சூழல் திட்டத்தின் வழி இன்னும் சுவையானது. அவர்களின் செயலிகள் நூற்றுக்கணக்கான களஞ்சியங்களில் பிரிந்து நின்றன. ஆனால், மொழிபெயர்ப்புகளை அப்படிச் சிதறவிடவில்லை. செயலிகள் கிட்டுக்கு மாறிய பின்னரும், எல்லா மொழிபெயர்ப்பும் ஒரே சப்வெர்சன் களஞ்சியத்தில், மொழிக்கொரு கோப்புறையாகத் தொடர்ந்தன. தமிழுக்கும் அதில் ஒரு கோப்புறை. ஸ்கிரிப்டி என்ற தானியங்கி நாள்தோறும் நூற்றுக்கணக்கான களஞ்சியங்களில் நுழைந்து, புதிய சொற்றொடர்களைத் திரட்டி அந்த ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்க்கும். தமிழில் பெயர்ப்பவர் தம் கோப்புறையைத் திறந்தால் போதும். நிரலாளர்க்கு எது வசதி என்பதோடு நில்லாமல், சொல்லைத் திருத்த வருபவர் எங்கே வந்து நிற்பார் என்பதையும் எண்ணியிருக்கிறார்கள். களஞ்சியங்கள் பல இருப்பது மட்டுமே குற்றமில்லை என்பதற்கு இதுவே சான்று.

அளவுக்கு மீறிப் பிரிப்பவர்களுக்கு இன்னொரு நிகழ்ச்சியை நினைவூட்டுகிறேன். 2016 மார்ச்சில், என்பிஎம் என்ற நிரல் தொகுதிக் கிடங்கிலிருந்து ‘லெப்ட் பேட்’ என்ற பொட்டலத்தை அதன் ஆசிரியர் கோபத்தில் எடுத்துவிட்டார். சொல்லின் இடப்பக்கத்தில் வெற்றிடம் சேர்க்கும் பதினொரு வரி நிரல். நம் மாணவர்கள் ஒரு பாடவேளையில் எழுதிவிடுவார்கள். அந்தப் பதினொரு வரியைத் தனிப் பொட்டலமாக்கி, அதன்மேல் ஆயிரக்கணக்கான திட்டங்கள் சாய்ந்து நின்றதால், ஒரே நாளில் உலகெங்கும் தொகுப்புப் பணிகள் நின்றன.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு சொல். வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தில் பிள்ளைகளுக்குக் கட்டங்களை இழுத்து நிரல் கோக்கச் சொல்லிக் கொடுக்கிறோம். கோத்ததை எங்கே வைப்பது, திருத்தியதை எப்படிக் குறிப்பது, அடுத்தவன் வந்தால் எங்கிருந்து தொடங்குவான் என்பதைச் சொல்லிக் கொடுக்கிறோமா? எங்கள் தமிழ்ப் பாடக்குழுவின் பயிற்சித்தாள்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒரு கோப்புறை, ஆசிரியருக்கு ஒரு கோப்புறை என்று நாங்களும் நிபுணரைப் போலத்தான் பிரித்து வைத்திருந்தோம். இரட்டைக்கிளவிப் பட்டியலில் ஒரு பிழையைத் திருத்தினால், அது ஐந்தில் ஒரு படியில் மட்டுமே திருந்தும். மற்ற நான்கும் அடுத்த ஆண்டு அச்சாகி வரும். இந்தப் பட்டறிவு இருந்தபடியால்தான் பயிலரங்கில் எனக்குக் கை தானாக உயர்ந்தது.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை திறமூலத் திட்டம் ஒன்றில் உதவ விரும்பினால், முதலில் அத்திட்டத்தின் முகப்பைத் திறந்து பாருங்கள். எந்தப் பிழைக்கு எந்தக் கதவு என்று அங்கே எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் வேறு திட்டத்தைக் காட்டுங்கள். முதல் முயற்சியிலேயே நான்கு கதவுகளில் அடிபட்ட பிள்ளை ஐந்தாவதைத் தட்டாது.

என் மாணவன் இப்போது லிப்ரே ஆபிஸின் தமிழ்ச் சொற்றொடர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். வாழைப்பழத் திட்டத்தின் மூன்றாவது களஞ்சியத்திலிருந்து இன்றுவரை பதில் இல்லை. கணினிக்கூடத்தின் சுவரில் ‘வாழைப்பழம்’ என்று ஒரு முழத் தாளில் எழுதி, ழகரத்தை மட்டும் சிவப்பில் தீட்டி ஒட்டியிருக்கிறேன்.